அம்மாவுக்குக் கால் வலி

"உங்கள் மகள் கால் வலி என்று சொல்லி இந்த மாதம் நான்கு முறை விளையாட்டு வகுப்பில் ஒதுங்கி உட்கார்ந்துவிட்டாள். மருத்துவரிடம் காட்டினீர்களா?" உடற்கல்வி ஆசிரியை குறிப்பேட்டில் எழுதி அனுப்பிய இந்த இரண்டு வரிகளை இரண்டு ஆண்டுகளாகியும் என்னால் மறக்க முடியவில்லை. அப்போது மகளுக்கு 9 வயது. வீட்டில் ஒரு நாளும் அவள் கால் வலி என்று சொன்னதில்லை. நொண்டியதில்லை, மாடிப்படி ஏறத் தயங்கியதில்லை. வளரும் பிள்ளைகளுக்கு இரவு நேரத்தில் இரண்டு கால்களிலும் வந்து காலையில் காணாமல் போகும் வலி ஒன்று உண்டு. அதுவும் அவளுக்கு வந்ததாகத் தெரியவில்லை. ஒரே காலில் விடாமல் வலித்தாலோ, வீங்கினாலோ, காய்ச்சலோடு நொண்டினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்று படித்திருந்தேன். அதனால் அன்று மாலை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, முட்டியையும் கணுக்காலையும் மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "எந்தக் கால் கண்ணா வலிக்கிறது?" அவள் தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "உனக்கு எந்தக் கால் அம்மா வலிக்கும்?"

அவள் கேலி செய்யவில்லை. பிள்ளையின் முகத்தில் கேலி இருந்தால் பெற்றவளுக்குத் தெரிந்துவிடும். வலி எந்தக் காலில் வர வேண்டும் என்று சரியாகத் தெரிந்துகொள்ள விரும்பினாள், அவ்வளவுதான். 'கால் வலி' என்பதை அவள் ஒரு நோயாகவே நினைத்திருக்கவில்லை. விளையாட வா என்று யாராவது கூப்பிட்டால் பெரியவர்கள் சொல்லும் பதில் அது என்று புரிந்துவைத்திருந்தாள். அந்தப் பதிலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். என் கால்களில் எந்த வலியும் எப்போதும் இருந்ததில்லை.

எண்ணுகிற வேலை

மாலையில் அவளைப் பூங்காவுக்கு அழைத்துப் போவதை நான் தவறவிட்டதில்லை. வாரத்தில் நான்கு நாளாவது போவோம். பிள்ளையை வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்க்கவில்லை என்ற நிறைவு எனக்கு உண்டு. போனதும் நான் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். அவள் ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துக்கொண்டு எதிரே நின்று "அம்மா, எண்ணு" என்பாள். எண்ணுவேன். பெரும்பாலும் கையில் போன் இருக்கும். 20, 25, 28 என்று போய் எங்கோ ஓரிடத்தில் எண்ணிக்கை நழுவிவிடும். அவள் குதித்து முடித்து நிமிரும்போது வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்வேன். அது தவறு என்று அவளுக்குத் தெரியும். மனத்துக்குள் அவளும் எண்ணிக்கொண்டுதான் குதித்தாள் என்பதை வெகுநாள் கழித்து அவளே சொன்னாள்.

சில மாலைகளில் கயிற்றை என்னிடம் நீட்டி, "இப்போது நீ குதி அம்மா, நான் எண்ணுகிறேன்" என்பாள். "அம்மாவுக்குக் கால் வலி" என்பேன். கொஞ்ச நாள் கெஞ்சினாள். கொஞ்ச நாள் கயிற்றை என் மடியில் வைத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். பிள்ளைக்கு விவரம் வந்துவிட்டது, அம்மாவைத் தொல்லை செய்யக்கூடாது என்று புரிந்துகொண்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த ஓராண்டில் கயிறு பையிலிருந்து வெளியே வருவது குறைந்தது. பூங்காவுக்கு வந்ததும் என் அருகிலேயே உட்கார்ந்து என் போனை வாங்கிப் பார்க்கத் தொடங்கினாள். அதற்கும் எனக்குக் காரணங்கள் கிடைத்தன. படிப்புச் சுமை கூடிவிட்டது, கூட விளையாடிய தோழி வீடு மாறிப் போய்விட்டாள், வெயில் அதிகம். பெஞ்சில் உட்காரும் வழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை.

பூங்காக்களை ஒருமுறை நின்று பாருங்கள். நடுவே பிள்ளைகளுக்கான ஊஞ்சலும் சறுக்கு மரமும், சுற்றிலும் பெற்றோருக்கான பெஞ்சுகள். பெரியவர்களின் இடம் உட்காரும் இடம் என்பதைத் தரையிலேயே கோடு போட்டு எழுதிவைத்தது போல இருக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்வதுதான் வளர்வது என்று ஒரு குழந்தை புரிந்துகொண்டால் அதில் அதன் தவறு என்ன? என் மகள் 9 வயதிலேயே ஓரத்துக்கு வந்துவிட்டாள்.

சொல்லாமல் வைத்திருந்தது

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று பல மாதம் யோசித்தேன். எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுவதும் இன்னொரு 'கால் வலி'யாகிவிடும்.

மகள் பிறந்த பிறகு, குதித்தால், ஓடினால், பலமாகத் தும்மினால் எனக்குச் சிறுநீர் கசியும். அவளுக்கு 6 வயதிருக்கும்போது ஒரு மாலை, அவள் ஆசைப்பட்டாளே என்று அவளோடு தொட்டுப் பிடித்து விளையாட ஓடினேன். பத்தடி ஓடியிருக்க மாட்டேன். சட்டென நின்று, அவசர வேலை வந்துவிட்டது என்று சொல்லி, கைப்பையால் உடையை மறைத்துக்கொண்டு அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விளையாட்டு பாதியில் நின்றதற்கு அவள் வழியெல்லாம் அழுதாள். அன்றைக்குப் பிறகு நான் ஓடவில்லை. கணவரிடம் சொல்லவில்லை, தோழிகளிடம் சொல்லவில்லை, வேறு காரணத்துக்காகப் பார்த்த மருத்துவர்களிடமும் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அடர்ந்த நிறத்தில் உடுத்துவது, வெளியே கிளம்புமுன் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, பெஞ்சில் உட்கார்ந்துகொள்வது என்று வாழ்க்கையை அதற்கேற்ப மடித்துவைத்துக்கொண்டேன்.

அசையாமல் இருக்கும் பெற்றோரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று குற்றவாளிகளைத்தான் கூண்டில் ஏற்றுகிறார்கள்: சோம்பல், நேரமின்மை, போன். மூன்றும் என்னிடமும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்றையும் நான் முன்னால் நிறுத்தியதே நான்காவதை மறைப்பதற்காகத்தான். பிறகு வாய்விட்டுப் பேசத் தொடங்கியபோது, பக்கத்துப் பெஞ்சுக்காரர்களிடமும் அப்படி ஒரு நான்காவது இருப்பது தெரிந்தது. ஒருவருக்குப் பழைய முட்டிக் காயம். மீண்டும் பிசகிவிடுமோ என்ற பயத்தில் மகனோடு பந்து ஆடியதே இல்லை. பள்ளியில் குண்டு என்று கூப்பிட்டுச் சிரித்த குரல்கள் முப்பது ஆண்டு கழித்தும் ஓடத் தொடங்கினால் காதில் கேட்பதாக ஒரு தாய் சொன்னார். தன் பெற்றோர் தன்னோடு விளையாடியதே இல்லை, எப்படி விளையாடுவது என்றே தெரியவில்லை என்றார் இன்னொருவர். உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் சோம்பேறி என்று ஒரே பெயரைச் சூட்டுவதைக் கேட்டால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பெயர் யாரையும் எழுப்பியதில்லை. உண்மையான காரணத்தை இன்னும் ஆழமாகப் புதைக்கத்தான் அது உதவுகிறது.

நாற்பது நிமிட நடை

"உனக்கு எந்தக் கால் வலிக்கும்" என்று மகள் கேட்ட இரவு, என்னென்னவோ படித்தேன். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 4 முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் அசைவை அளக்கும் கருவி கட்டிச் செய்த ஓர் ஆய்வு 1991இல் வெளிவந்திருக்கிறது. தாய் சுறுசுறுப்பாக இருந்தால் பிள்ளையும் அப்படியிருக்கும் வாய்ப்பு 2 மடங்கு, தந்தை இருந்தால் 3.5 மடங்கு, இருவரும் இருந்தால் 5.8 மடங்கு என்றது அது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லவில்லை. பெற்றோர் தாங்கள் மட்டும் தனியாகப் போய் உடற்பயிற்சி செய்வதைவிட, பிள்ளையை அழைத்துப் போவதும் ஊக்கம் கொடுப்பதும் கூட விளையாடுவதும்தான் பிள்ளையின் அசைவோடு அதிகம் தொடர்புடையவை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்த இரவில் எனக்கு 5.8 என்ற எண் மட்டும்தான் கண்ணில் நின்றது. மறுநாளே தீர்மானம் போட்டேன். தினமும் நாற்பது நிமிடம் நாங்கள் இருவரும் கைகோத்து நடப்போம். நடையில் எனக்குச் சிக்கல் இல்லை, ரகசியமும் காப்பாற்றப்படும்.

ஒன்பது நாள் நடந்தோம். மகளுக்கு அது தண்டனையாக இருந்தது. ஒரு கல்லைக் கண்டால் நின்று உதைப்பாள், சுவரைக் கண்டால் ஏறப் பார்ப்பாள், திடீரென்று முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்துவிடுவாள். "ஒழுங்காக நட, நின்று நின்று போனால் பலன் இருக்காது" என்று நான் கையைப் பிடித்து இழுப்பேன். பத்தாம் நாள், செருப்பை மாட்டும்போதே, "எனக்குக் கால் வலி" என்றாள். இந்த முறை அந்தச் சொல் எனக்காகவே சொல்லப்பட்டது.

அந்த ஒன்பது நாளில் ஒழுங்காக உடற்பயிற்சி செய்தது அவள்தான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் போக்கில் இருக்கும்போது எப்படி அசைகிறார்கள் என்பதை 3 விநாடிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே போன ஆய்வு ஒன்று 1995இல் வந்திருக்கிறது. அவர்களுடைய தீவிரமான அசைவு ஒவ்வொன்றும் பெரும்பாலும் 3 விநாடி அளவே நீடித்தது. 100இல் 95 அசைவுகள் 15 விநாடிக்குள் முடிந்துவிட்டன. பாய்வது, நிற்பது, மறுபடி பாய்வது. குழந்தையின் உடம்புக்கு இயல்பான தாளமே அதுதான். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 8 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்களையும், பயிற்சி இல்லாத ஆண்களையும், நெடுந்தூர விளையாட்டு வீரர்களையும் சைக்கிள் மிதிக்கவைத்து ஒப்பிட்டார்கள். கடும் முயற்சிக்குப் பிறகு சிறுவர்கள் அந்த வீரர்களைக் காட்டிலும் விரைவாக மீண்டுவிட்டார்கள். பூங்காவில் மூச்சிரைக்க வந்து விழும் பிள்ளை ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் மறுபடி எழுந்து ஓடுவதைப் பார்த்து, இதற்கு எங்கிருந்து இவ்வளவு தெம்பு என்று வியப்போமே, அந்தத் தெம்பு அங்கே இருக்கிறது. நாற்பது நிமிடம் ஒரே சீராக நட என்று நான் அவளைக் கேட்டது, பாடிக்கொண்டிருக்கும் பிள்ளையை நிறுத்தி ஒரே சுரத்தை இழுத்துப் பிடி என்று சொன்னதற்குச் சமம்.

இன்னொன்றும் எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று பெரியவர்களுக்கு முன்பு சொல்லிவந்த உலக சுகாதார நிறுவனமே, 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்தப் பத்து நிமிட நிபந்தனையை நீக்கிவிட்டது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான அசைவு. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு கூடும் அசைவு, அதில் வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் விளையாட்டு. அதைத் துண்டு துண்டாகவும் சேர்க்கலாம். கல்லை உதைத்ததும் சுவரில் ஏறியதும் அவளுடைய கணக்கில் ஏற வேண்டியவை. நான்தான் அழித்துக்கொண்டே வந்தேன்.

ஐந்தும் ஐம்பதும்

நடை நின்றுபோன பிறகுதான் இயன்முறை மருத்துவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். கதவைத் தட்டும்வரை, முதுகு வலி என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்து, "குதிக்க முடியவில்லை, கசிகிறது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் வியப்பும் இல்லை, இரக்கமும் இல்லை. எத்தனை ஆண்டாக என்று கேட்டு எழுதிக்கொண்டார். நான் ஒன்பது ஆண்டு என்றேன். "இவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாமே" என்றார். அந்த வார்த்தையில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கர்ப்பமும் பிரசவமும், சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளைத் தளர்த்திவிடுவதால் பெண்கள் பலருக்கும் இது வருகிறது. அந்தத் தசைகளை இறுக்கி விடும் பயிற்சியை அர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இலேயே எழுதி வெளியிட்டிருக்கிறார். அதாவது நான் பிறப்பதற்கும் முன்பிருந்தே இதற்கு வழி இருந்திருக்கிறது. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல உள்ளுக்குள் இறுக்கி, சில விநாடி பிடித்து, முழுவதும் தளரவிட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றையும் பின்புறத்தையும் சேர்த்து இறுக்கக் கூடாது. ஒரு வேளைக்குக் குறைந்தது எட்டு முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். சரியான தசையைத்தான் இறுக்குகிறேனா என்று அவர் பரிசோதித்துச் சொன்னது மிகப் பெரிய உதவி. முதல் வாரம் நானாகச் செய்துபார்த்தது முழுவதும் தவறாக இருந்தது. தும்மலுக்கு முன்னும் பாரம் தூக்குவதற்கு முன்னும் இறுக்கிக்கொள்ளப் பழகினேன். எல்லோருக்கும் இது ஒன்றே போதும் என்று சொல்லமாட்டேன். சிலருக்கு வேறு சிகிச்சை வேண்டியிருக்கும். ஆனால் கேட்டால் பதில் உண்டு.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்ற பழமொழியை நான் எத்தனை முறை என் உடம்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்! பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே பழக்க வேண்டும் என்பதற்குச் சொன்ன பழமொழியைப் பெரியவர்கள் நாம் உட்கார்ந்தே இருப்பதற்கு ஒரு சலுகைச் சீட்டாக மாற்றிவிட்டோம். 1990இல் அமெரிக்காவில், பராமரிப்பு இல்லத்தில் இருந்த தொண்ணூறை ஒட்டிய வயதுள்ள 10 பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தசைக்கு வயது தெரிவதில்லை. தன்னிடம் வேலை கேட்கப்படுகிறதா இல்லையா என்பதுதான் அதற்குத் தெரியும். தொண்ணூறில் வளைகிறது என்றால் என் முப்பத்தெட்டில் ஏன் வளையாது?

வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்று கேட்கிறவர்கள் உண்டு. நானும் அப்படிச் சொல்லிக்கொண்டவள்தான். வீட்டு வேலையும் உடல் உழைப்புக் கணக்கில் சேரும், உலக சுகாதார நிறுவனமே அப்படித்தான் எண்ணுகிறது. தரையை அழுத்தித் தேய்ப்பது, பாரம் சுமந்து படியேறுவது எல்லாம் நல்ல உழைப்பு. ஆனால் என் நாளில் பெரும்பகுதி நின்றுகொண்டு செய்யும் வேலையாகவே இருந்தது. களைப்பு உண்டு, மூச்சு கூடுவதில்லை. அதுவும் மகள் தூங்கிய பிறகோ பள்ளியில் இருக்கும்போதோ நடந்தது. அவள் கண்ட என் உடம்பு, பெஞ்சில் சாய்ந்த உடம்பு மட்டுமே.

கயிறு சின்னது

மூன்று மாதம் முடிந்ததும் ஒரு மாலை, மகளிடம் உண்மையைச் சொன்னேன். 9 வயதுப் பிள்ளைக்குப் புரியும் அளவில் சொன்னேன்: "அம்மாவுக்குக் கால் வலி இல்லை. நீ வயிற்றில் இருந்தபோது உன்னைத் தாங்கிய தசைகள் தளர்ந்துபோய்விட்டன. குதித்தால் சிறுநீர் வந்துவிடுமோ என்று பயந்தேன். உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. இப்போது அந்தத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்." அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தன்னுடையதைச் சொன்னாள். விளையாட்டு வகுப்பில் அணி பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சுகிறவள் அவள்தான். மெதுவாக ஓடுகிறாள் என்று யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. தாமதமாக வருகிறவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்ற தண்டனை வேறு. எல்லோரும் பார்க்க ஓட வேண்டும். அதற்குப் பதிலாகத்தான் கால் வலி. என் பொய்க்குப் பின்னால் ஒரு கூச்சம் இருந்தது போலவே அவள் பொய்க்குப் பின்னாலும் ஒன்று இருந்திருக்கிறது. நான் முதலில் சொல்லாதவரை அவளும் சொல்லவில்லை.

ஓடுவதைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள் என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளப் போனேன். ஆசிரியை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அணி பிரிக்கும் முறையை மாற்றிப் பார்ப்பதாகச் சொன்னார், மாற்றியும் பார்த்தார். வீட்டில் இன்னொரு விதி வைத்தோம். விளையாடினால் எடை குறையும், ஓடினால் ஒல்லியாவாய் என்ற பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. உறவினர்கள் எடுத்தால் நான் குறுக்கிடுவேன், இன்றும் குறுக்கிடுகிறேன். தன் உடம்பு திருத்தப்பட வேண்டிய பிழை என்று நம்பத் தொடங்கிய பிள்ளை அந்த உடம்போடு நான்கு பேர் எதிரில் எப்படித் துள்ளும்?

அதற்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கயிற்றை நானே கேட்டு வாங்கினேன். அவளுடைய கயிறு எனக்குச் சின்னதாக இருந்தது. கயிற்றின் நடுவில் மிதித்து நின்றால் கைப்பிடி அக்குள் அளவுக்கு வர வேண்டும்; அது என் இடுப்பைக்கூடத் தாண்டவில்லை. இரண்டாண்டாக அவள் என்னிடம் நீட்டிக்கொண்டிருந்த கயிற்றில் நான் எப்படியும் குதித்திருக்க முடியாது என்பதை அப்போதுதான் இருவரும் பார்த்தோம். ஆனாலும் அவள் நீட்டினாள். எனக்கென்று ஒரு கயிறு வாங்கினோம். வீட்டில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, முதல் நாள் 11 முறை குதித்தேன். அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எண்ணினாள். ஓர் எண்ணைக்கூடத் தவறவிடவில்லை. 11 என்று சொன்னபோது, தன்னுடைய 90ஐச் சொல்லும்போது இருக்கும் அதே கனம் அவள் குரலில் இருந்தது. துளி கசிந்தது. நான் சொன்னேன். "பரவாயில்லை அம்மா, நாளைக்கு 12" என்றாள்.

பூங்காவுக்கு நான் கயிற்றை எடுத்துப் போக இன்னும் ஏழு வாரம் ஆனது. அங்கே நாங்கள் செய்வதை உடற்பயிற்சி என்று யாரும் அழைக்கமாட்டார்கள். அந்தத் தூணைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர எத்தனை விநாடி, தரையில் நிழல் விழுந்த இடத்தை மட்டும் மிதித்து மறுபக்கம் போக முடியுமா, இருவரும் ஒரே கயிற்றுக்குள் நின்று ஐந்து குதிக்க முடியுமா. என்ன விளையாட்டு என்பதை அவள் தீர்மானிப்பாள். அதில் நான் தலையிட்ட நாள்களில் எல்லாம் அது சீக்கிரம் முடிந்துவிட்டது. அவள் பாய்ந்து நிற்பாள். அவள் நிற்கும் நேரத்தில் நான் மெதுவாகப் போய்ச் சேர்வேன். அவளுடைய தாளத்துக்கும் என்னுடையதற்கும் இடையே இப்படி ஓர் ஒப்பந்தம் தானாகவே உருவானது. கணவர் விடுமுறை நாள்களில் வருவார். முதல் சில வாரம் அவர் பெஞ்சுக்குப் போனார். மகள் அவரிடம் கேட்டது எனக்கும் கேட்டது: "அப்பா, உங்களுக்கு நிஜமாகவே கால் வலியா, இல்லை வேறு ஏதாவதா?" அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு எழுந்து வந்தார். அவருடைய வேறு ஏதாவது என்ன என்பதை அவர்கள் இருவரும் பிறகு பேசிக்கொண்டார்கள், நான் கேட்கவில்லை.

குதிப்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயரமும் எடையும் வேகமாகக் கூடும் பருவத்தில், ஏறக்குறைய இரண்டே ஆண்டுக்குள், பெரியவர்களின் எலும்பில் இருக்கும் தாதுச் சத்தில் நான்கில் ஒரு பங்கு சேர்ந்துவிடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு அது 12 வயதை ஒட்டி வரும். தரையில் குதித்து இறங்கும் அதிர்ச்சிதான் எலும்பை வலுப்படுத்தும் தூண்டுதல். அதே வயதில்தான் பெண் பிள்ளைகள் மைதானத்தை விட்டு விலகுகிறார்கள். 146 நாடுகளின் 2016ஆம் ஆண்டு நிலையைத் தொகுத்த கணக்கில், 11 முதல் 17 வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளில் 78 சதவீதத்தினரும் பெண் பிள்ளைகளில் 85 சதவீதத்தினரும் தேவையான அளவு அசைவதில்லை. எலும்பு கேட்கிற நேரத்தில் பிள்ளை உட்கார்ந்துவிடுகிறது. மாதவிடாய் தொடங்கினால் கறை பற்றிய பயம், உடம்பு மாறுவதைப் பிறர் பார்க்கிறார்களே என்ற கூச்சம், பொருந்தாத உள்ளாடை. இவையெல்லாம் என் 'கால் வலி'யின் உறவினர்கள். வீட்டில் அவற்றைப் பேச ஒரு வாய் திறந்திருந்தால் அவள் அவற்றைச் சொல்லக்கூடும் என்பதுதான் என் நம்பிக்கை.

மகளுக்கு இப்போது 11 வயது. ஓட்டத்தில் அவள் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறாள். அது மாறவில்லை, மாற வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. விளையாட்டு வகுப்பில் உட்காருவதில்லை. சென்ற மாதம் தெருவில் நான்கு தோழிகளோடு சைக்கிள் ஓட்டத் தொடங்கியிருக்கிறாள். முந்தாநாள் மாலை நான் கயிறுகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, அவள் சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். "இன்று நான் அவர்களோடு போகட்டுமா அம்மா? நீ தனியாகப் போவாயா?" என்று கேட்டாள். போ என்றேன். தெருமுனை வரை போனவள் திரும்பிப் பார்த்து, "எண்ண மறந்துவிடாதே" என்று கத்திவிட்டுப் போனாள்.

பூங்காவில் எங்கள் வழக்கமான இடத்தில் பையை வைத்தேன். பெஞ்சில் இருந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் ஒரு சின்னக் கயிறு இருந்தது. நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டே குதித்தேன். 64 வரை வந்தது.